பன்னிரண்டு அடிச் சுவரில் நாலடி ஜன்னல்

போன மாதம் சான் ஹோசேயிலிருந்து என் சித்தி மகன் கூப்பிட்டான். வீடு வாங்கி இரண்டு வருஷமாகிறது. பின்பக்க அறையில் நாலடி அகலத்துக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. அதைப் பெயர்த்துவிட்டு எட்டடி அகலத்தில் கண்ணாடி ஸ்லைடிங் கதவு வைத்தால் தோட்டம் முழுக்கத் தெரியும் என்று அவன் மனைவிக்கு ஆசை.

“மேல ஒரு லிண்டல் போட்டுட்டா போதும்தானே அண்ணா?” என்றான்.

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வீடுகளுக்குக் கணக்குப் போட்டு வரைபடம் அனுப்புவது என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழகியது. செங்கல் வீட்டில் வளர்ந்த யாரும் இப்படித்தான் கேட்பார்கள். சுவரில் திறப்பு வைத்தால் மேலே உள்ள கனம் இறங்க லிண்டல் வேண்டும், அது சரி. ஆனால் கலிஃபோர்னியாவில் அந்தச் சுவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. நிலம் நடுங்கும்போது கூரை ஒரு பக்கமாக ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது சுவர்தான். அந்தப் பக்கவாட்டு விசைக்கு லிண்டல் எந்த உதவியும் செய்யாது. அந்த விசையைத் தாங்குவதற்கென்றே கட்டப்படும் சுவருக்கு ஷியர் வால் என்று பெயர். அவன் பெயர்க்க நினைத்த ஜன்னல் அப்படிப்பட்ட ஒரு சுவரில் இருந்தது.

அங்கே வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டத்தில் எழுந்தவை. 2-க்கு 4 கட்டைகளை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்துவார்கள். இவற்றை ஸ்டட் என்பார்கள். கீழே ஓர் அடிக்கட்டை, மேலே இரட்டைத் தலைக்கட்டை. (பெயரில்தான் 2-க்கு 4. இழைத்துக் காயவைத்துக் கடைக்கு வரும்போது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும்.) இந்தச் சட்டம் மேலிருந்து இறங்கும் கனத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் மூலைகள் மடிந்து சரிந்துவிடும்.

பெட்டியில் பிரித்து வாங்கிவந்து வீட்டிலேயே பூட்டுகிற புத்தக அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் திருகு முடுக்கியாகிவிட்டது. தொட்டால் ஆடுகிறது. பின்பக்கத்து மெல்லிய பலகையை வைத்து வரிசையாகச் சின்ன ஆணி அடித்த மறுநிமிஷம் அசைய மறுக்கிறது. அவ்வளவு மெல்லிய பலகைக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பலம்? பலகை தன் தளத்திலேயே கோணாது; ஆணிகள் அந்தப் பிடிவாதத்தைச் சட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. மரவீட்டின் ஷியர் வால் இதே ஏற்பாடுதான். ஸ்டட்களின் மேல் பிளைவுட்டோ, மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய ஓஎஸ்பி பலகையோ வைத்து, விளிம்பெல்லாம் நெருக்கமாக ஆணி.

இப்போது அலமாரியின் பின்பலகையில் பிளக் பாயின்ட்டுக்காக ஒரு சதுரம் வெட்டுகிறீர்கள். ஒன்றும் ஆகாது. பாதிப் பலகையை வெட்டி எடுத்தால் மறுபடி ஆட ஆரம்பிக்கும். இரண்டுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது, வெட்டியதற்கு ஈடாக எதை எங்கே சேர்ப்பது என்பதுதான் கட்டட விதிகள் பேசும் விஷயம்.

விதி எங்கே இருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஐபிசி எனப்படும் விதித்தொகுப்பு 2000-இல் முதல் பதிப்பு கண்டது. பெயரில் ‘சர்வதேசம்’ இருந்தாலும் முக்கியமாக அமெரிக்காவின் சொத்து. விசையைக் கணக்கிட அது ஏஎஸ்சிஇ 7 என்ற நூலைக் கைகாட்டும். மரச்சுவரை வடிவமைக்க அமெரிக்க மர மன்றம் வெளியிடும் எஸ்டிபிடபிள்யூஎஸ் என்ற தனி விதிநூலைக் கைகாட்டும். எங்கள் மேசையில் அட்டை கிழிந்து கிடப்பது இந்த இரண்டாவதுதான்.

ஆணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுவரின் பலம் கடைசியில் அதில்தான் போய் நிற்கிறது. 15/32 அங்குலக் கனமுள்ள பலகை, 8-டி ஆணி. இந்த ‘டி’ பழைய ஆங்கிலேயப் பென்னியின் குறி. ஆணியை விலையால் அடையாளம் சொன்ன காலத்து எச்சம். இன்றைக்கு 8-டி காமன் ஆணி என்றால் இரண்டரை அங்குல நீளம், 0.131 அங்குலத் தடிமன். பலகை விளிம்பில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்தால் நிலநடுக்கத்துக்கு அந்தச் சுவரின் அனுமதிக்கப்பட்ட தாங்குதிறன் ஓரடி நீளத்துக்கு 260 பவுண்டு. 4 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 380. 3 அங்குலத்துக்கு 490. 2 அங்குலத்துக்கு 640. பலகை அதேதான், கட்டை அதேதான். ஆணி நெருங்க நெருங்க எண் ஏறுகிறது.

நிலநடுக்கத்தில் இந்த ஆணிகள் ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் வளைந்து, சுற்றியுள்ள மரத்தை நசுக்கி, அசைவின் சக்தியை விழுங்குகின்றன. இதை நம்பித்தான் ஏஎஸ்சிஇ 7 மரப்பலகைச் சுவருக்கு 6.5 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறது. சுவர் கொஞ்சமும் வளைந்துகொடுக்காமல் நின்றால் எவ்வளவு விசை வருமோ அதை 6.5-ஆல் வகுத்துச் சிறிதாக்கி வடிவமைக்கலாம் என்று அர்த்தம். இது பெரிய சலுகை. ஆணி தன் வேலையைச் செய்யும் என்ற நிபந்தனையின் பேரில் கிடைத்த சலுகை.

அந்த நிபந்தனை எப்படி மீறப்படுகிறது என்பதை ஒரு முறை பார்த்தேன். நாங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்த ஒரு வீட்டின் படங்கள் தளத்திலிருந்து வந்தன. ஆணித் துப்பாக்கியின் காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்து யாரோ அவசரமாக அடித்திருக்கிறார்கள். ஆணித் தலைகள் பலகைக்குள் புதைந்து மேல் ஏட்டைக் கிழித்துவிட்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அழகாக, வரிசையாக இருந்தது. ஆனால் தலை மேல் ஏட்டைக் கிழித்தபிறகு 15/32 பலகை 15/32 பலகையாக இல்லை. அசைவு வரும்போது ஆணி வளைவதற்கு முன்பே பலகையை ஊடுருவிக் கழன்றுவிடும். இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இடையிடையே புது ஆணிகள் அடிக்க வேண்டி வந்தது.

சரி, திறப்புக்கு வருவோம். என் சித்தி மகனின் சுவரையே எடுத்துக்கொள்ளலாம். 12 அடி நீளம், 8 அடி உயரம். நடுவில் 4 அடிக்கு 4 அடி ஜன்னல். இரு பக்கமும் 4 அடி முழுச்சுவர். கூரையிலிருந்து இந்தச் சுவருக்கு வந்துசேரும் பக்கவாட்டு விசை 2,400 பவுண்டு, அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்வோம். கூரையின் சொந்த எடை சுவரைக் கீழே அழுத்தி உதவும். புரிவதற்காக அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழைய வழி, எளிய வழி: ஜன்னல் இருக்கும் பட்டையை அடியோடு மறந்துவிடு. ஜன்னலுக்கு மேலும் கீழும் பலகை இருக்கிறதே என்று யோசிக்காதே. இடப்பக்கம் ஒரு 4 அடிச் சுவர், வலப்பக்கம் ஒரு 4 அடிச் சுவர், இரண்டு தனித்தனிச் சுவர்கள். துண்டுச் சுவர் முறை என்று இதைச் சொல்லலாம். மொத்தம் 8 அடி; 2,400-ஐ 8-ஆல் வகுத்தால் அடிக்கு 300 பவுண்டு. 6 அங்குல ஆணிக்கு 260-தான், போதாது. 4 அங்குலத்துக்கு 380, போதும்.

இத்தோடு முடியவில்லை. ஒல்லியான பீரோவின் உச்சியில் கைவைத்துத் தள்ளினால் நகர்வதற்கு முன் குப்புறச் சாயும். 4 அடித் துண்டும் அப்படித்தான். ஒவ்வொரு துண்டின் தலையிலும் 1,200 பவுண்டு தள்ளுகிறது. உயரம் 8 அடி, கால் அகலம் 4 அடி. ஆக ஒரு ஓரம் 2,400 பவுண்டு விசையோடு அஸ்திவாரத்தைவிட்டு மேலே எழும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்க, ஓரத்து ஸ்டட்டில் முடுக்கி கான்கிரீட்டில் புதைத்த போல்ட்டோடு பூட்டும் இரும்புக் கொண்டி ஒன்று உண்டு, ஹோல்ட்-டவுன் என்பார்கள். நிலநடுக்கம் இரு திசையிலும் தள்ளும் என்பதால் ஒரு துண்டுக்கு இரண்டு. இரண்டு துண்டுக்கு நான்கு. ஜன்னலின் இரு பக்கத்திலும் அஸ்திவாரத்தைத் துளைத்து ஹோல்ட்-டவுன் வைக்க வேண்டும். காசு போகும் இடம் இதுதான். பழைய வீட்டில் என்றால் கான்கிரீட்டில் துளைபோட்டு எபாக்சி ஊற்றி போல்ட்டை ஒட்ட வேண்டும், இன்னும் செலவு.

இரண்டாவது வழிக்கு ஜப்பானில் வேர். ஹிதேயோ சுகியாமா என்ற பேராசிரியர் திறப்புகளுள்ள சுவர்களைச் சோதித்து ஒரு சூத்திரம் கண்டார். முழுச்சுவர் எத்தனை சதவீதம், திறப்பு எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் கொடுத்தால், ஓட்டை விழுந்த சுவர் எவ்வளவு பலத்தோடு நிற்கும் என்று அது சொல்லும். 1990-களில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 40 அடி நீளச் சுவர்களைக் கட்டித் தள்ளிப் பார்த்தார்கள். பிறகு இது அமெரிக்க விதியில் ஓர் அட்டவணையாக உட்கார்ந்தது. துளைச் சுவர் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் தர்க்கம் எனக்குப் பிடிக்கும். சுவரை இரண்டாக உடைத்துப் பார்க்காதே, ஒரே சுவராகப் பார். ஓட்டைக்காக மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள். திறப்பு சுவர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் குறைப்பே இல்லை, எண் 1.00. சுவரில் பாதி முழுச்சுவராக இருந்து, மீதிப் பாதியில் தரையிலிருந்து தலைவரை திறந்திருந்தால் எண் 0.50. நம் சுவரில் 12-க்கு 8 அடி முழுச்சுவர், ஜன்னல் சரிபாதி உயரம். எண் ஏறத்தாழ 0.86. கணக்குப் போட்டால் அடிக்கு 350 பவுண்டு வருகிறது. 4 அங்குல ஆணிக்குள் அடங்கிவிடுகிறது. ஹோல்ட்-டவுன் சுவரின் இரு கோடியில் மட்டும் போதும், தலா 2,800 பவுண்டுக்கு. ஜன்னலின் ஓரத்தில் வேண்டாம்.

இரண்டு ஹோல்ட்-டவுன் மிச்சம். ஆனால் மிச்சமான விசை மாயமாகிவிடவில்லை. ஜன்னலின் ஓரத்தில் பிடிப்பு இல்லாததால் அந்தப் பக்கத்துச் சுவர் மெல்ல எழும்பப் பார்க்கும். அதை அடிக்கட்டை நெடுக ஆணியும் போல்ட்டும்தான் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே விதி இன்னொரு நிபந்தனை வைக்கிறது: முழுச்சுவர் உள்ள நீளம் முழுக்க அடிக்கட்டையை, அடிக்கு 350 பவுண்டு பக்கவாட்டில் மட்டுமல்லாமல், அதே 350 பவுண்டு மேல்நோக்கியும் தாங்கும்படி கட்டிப்போடு. இந்த நிபந்தனையை மறந்துவிட்டு வரும் வரைபடங்களை வேண்டிய அளவு பார்த்திருக்கிறேன். ஹோல்ட்-டவுனைக் குறைத்த மகிழ்ச்சியில் அடிக்கட்டையை மறந்துவிடுகிறார்கள்.

அடிக்கட்டை எப்படி உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலகை அடிக்கட்டையின் வெளி ஓரத்தில் ஆணியடிக்கப்பட்டிருக்கிறது; போல்ட்டோ கட்டையின் நடுவில். பலகை மேலே இழுக்கும்போது கட்டையின் ஓரம் தூக்கப்பட்டு நடு அமுக்கப்படுகிறது. மரம் நார்வாக்கில் பலம், குறுக்கில் பலவீனம். விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும். கட்டை நீளவாக்கில் பிளந்துவிடும். லாஸ் ஏஞ்சலிஸின் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு இப்படிப் பிளந்த அடிக்கட்டைகள் அகப்பட்டன. அதனால் போல்ட்டின் மேல் சாதாரண வட்ட வாஷர் போடாமல், 3 அங்குலச் சதுரத்தில், 0.229 அங்குலக் கனத்தில் இரும்புத் தகடு போடச் சொல்கிறது விதி. அந்தத் தகடு பலகை அடித்த பக்கத்து ஓரத்துக்கு அரை அங்குலத்துக்குள் வந்து நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு வாஷருக்கு இவ்வளவு அக்கறையா என்று முதலில் சிரித்தவன்தான் நானும்.

மூன்றாவது வழி பொறியாளர்களுக்குப் பிடித்தது, கணக்கு அதிகம். ஜன்னலுக்கு மேலும் கீழும் இருக்கும் பலகையை வீணாக்காமல் வேலை வாங்குவது. இரு பக்கத்துச் சுவரையும் மேலும் கீழும் உள்ள பட்டைகள் கோத்துப் பிடித்துக்கொண்டால், 12 அடியும் ஒரே சுவராகச் சாயும். கால் அகலம் 4 அடிக்குப் பதில் 12 அடி. கோடியில் எழும்பும் விசை 2,400-லிருந்து 1,600 பவுண்டாக இறங்குகிறது. ஹோல்ட்-டவுன் இரண்டே இரண்டு, அதுவும் சின்னது.

ஆனால் ஜன்னலின் நான்கு மூலைகளில்தான் இப்போது கூட்டம். அணிவகுத்துப் போகிற கூட்டம் ஒரு குறுகலான சந்தில் நுழையும்போது எங்கே நெரியுமோ, அங்கே. மூலையில் பலகை கிழியப் பார்க்கும், சட்டம் விலகப் பார்க்கும். அதைத் தடுக்க ஜன்னலின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இரு பக்கச் சுவருக்குள்ளும் நீளும் இரும்புப் பட்டைகள் அடிக்க வேண்டும். டீக்மன் என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் கணக்கைப் போட்டால், நம் சுவரில் ஒவ்வொரு மூலைக்கும் 800 பவுண்டு இழுப்பு வருகிறது. இன்னொரு விஷயமும் அதில் தெரியவரும். பக்கச் சுவரில் அடிக்கு 300 பவுண்டுதான். ஜன்னலுக்கு மேலும் கீழும் உள்ள பட்டையிலோ அடிக்கு 400. எந்தப் பலகையை முதல் முறையில் ‘கணக்கில் இல்லை’ என்று ஒதுக்கினோமோ, அதுதான் இங்கே அதிகம் உழைக்கிறது. அங்கே ஆணி 3 அங்குலத்துக்கு ஒன்றாக நெருங்க வேண்டும். நிலநடுக்கம் கடுமையான பகுதி என்றால் இந்த அளவுக்கு வந்தபின், இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் 2 அங்குலக் கட்டைக்குப் பதில் 3 அங்குலக் கட்டை வைத்து ஆணியை முன்பின்னாக அடிக்க வேண்டும். குறுகிய கட்டையில் நெருக்கி அடித்தால் கட்டை விண்டுவிடும்.

இந்தக் கணக்கு காகிதத்தில் மட்டும் இருந்த காலம் உண்டு. பிறகு பிளைவுட் தயாரிப்பாளர்களின் சங்கமான ஏபிஏ, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடும் மேடிசனில் உள்ள அரசு வனப்பொருள் ஆய்வகத்தோடும் சேர்ந்து, 12 அடிச் சுவர்களில் ஜன்னல் வெட்டி, பட்டை போட்டும் போடாமலும் முன்பின் ஆட்டிப் பார்த்தது. பட்டைகளில் உண்மையில் எவ்வளவு இழுப்பு வருகிறது என்று அளந்ததில், புழக்கத்தில் இருந்த வெவ்வேறு கணக்கு முறைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டதும், டீக்மனின் வழி நியாயமாக ஒத்துப்போனதும் தெரிந்தது.

எந்த முறை நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: புது வீடு, நீளமான சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள் என்றால் துளைச் சுவர் முறை மலிவு. சுவர் குறுகி, ஜன்னல் பெருத்து, வீட்டுக்காரர் அழகுக்கு ஆசைப்படுகிறார் என்றால் மூன்றாவது முறை. கட்டுகிற ஆள் எப்படி இருப்பார் என்று தெரியாத வேலைக்குத் துண்டுச் சுவர்தான். ஹோல்ட்-டவுன் அதிகம் போகும், ஆனால் தப்பு நடக்க வழி குறைவு.

மூன்றுக்கும் பொதுவாக ஓர் எல்லை இருக்கிறது. பக்கத்துச் சுவர் எவ்வளவு ஒல்லியாக இருக்கலாம் என்பது. உயரம் அகலத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் போனால் அந்தத் துண்டு ஷியர் வால் என்ற கணக்கிலேயே வராது. இரண்டு மடங்கைத் தாண்டினாலே பலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒல்லியான சுவர் உடைவதற்கு முன்பே அதிகம் ஆடிவிடும், பக்கத்தில் இருக்கும் அகலச் சுவரோடு ஒத்துழைக்காது என்பதுதான் காரணம். மூன்றாவது முறையில் மட்டும் ஒரு சலுகை: உயரம் என்று ஜன்னலின் உயரத்தை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பக்கச் சுவர் 2 அடிக்குக் குறையக் கூடாது.

இந்த எல்லைக்குப் பின்னால் ஒரு விடியற்காலை இருக்கிறது. 1994 ஜனவரி 17, காலை 4.31. லாஸ் ஏஞ்சலிஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவு நிலநடுக்கம். நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற மூன்று மாடி மரக்கட்டடத்தில் தரைத்தளத்தின் ஒரு பகுதி கார் நிறுத்துமிடம். கார் நுழைய வேண்டும் என்றால் சுவர் இருக்க முடியாது, திறப்பு மட்டும்தான். மேல்மாடிகள் கீழ்த்தளத்தின் மேல் வந்து உட்கார்ந்தன. 16 பேர் இறந்தார்கள். ‘மரவீடு இலேசானது, நிலநடுக்கத்தில் பயமில்லை’ என்று அதுவரை சொல்லிவந்தது பாதி உண்மைதான் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த 1997-ஆம் ஆண்டு யூபிசி (ஐபிசிக்கு முந்தைய விதித்தொகுப்பு), கடும் நிலநடுக்கப் பகுதிகளில் மூன்றரை மடங்கை இரண்டு மடங்காகக் குறைத்தது. பின்னால் ஐபிசி காலத்தில், பலத்தைக் குறைத்துக்கொண்டு மூன்றரைவரை போகலாம் என்று தளர்த்தினார்கள்.

1989-இல் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தின்போது சான் ஃபிரான்சிஸ்கோவின் மெரினா பகுதியிலும் இதே கதைதான். மூலைவீடு, கீழே கராஜ், இரண்டு தெருப்பக்கமும் திறப்பு. பழைய கட்டடங்களின் கீழ்த்தளத்தைப் பலப்படுத்தச் சொல்லி சான் ஃபிரான்சிஸ்கோ 2013-இலும், லாஸ் ஏஞ்சலிஸ் 2015-இலும் சட்டம் போட்டன. நார்த்ரிட்ஜுக்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து, 1995 ஜனவரி 17-இல், ஜப்பானின் கோபேயில் நிலநடுக்கம். மரவீடுகள் நிறைய விழுந்தன. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் போதாது, அது வீட்டின் ஒரே பக்கத்தில் குவியாமல் பரவி இருக்கிறதா என்றும், தூண் எழும்பாமல் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று ஜப்பான் 2000-இல் தன் விதியைத் திருத்தியது.

நம் ஊர்ச் செங்கல் சுவருக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஐஎஸ் 4326 என்ற இந்தியத் தரநூல், நிலநடுக்க ஆபத்து அதிகமுள்ள இடங்களில் ஒருதள வீட்டின் சுவரில் கதவு ஜன்னல்களின் மொத்த அகலம் சுவர் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, மூன்றுதளம் என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. லிண்டல் போட்டால் போதும் என்பது இங்கேயும் முழு உண்மை கிடையாது.

சித்தி மகனின் எட்டடிக் கதவுக்கு வருகிறேன். 12 அடியில் 8 அடி போனால் இரு பக்கமும் 2 அடிதான் மிச்சம். 8 அடி உயரம், 2 அடி அகலம், நான்கு மடங்கு. துண்டுச் சுவர் முறையில் அந்தச் சுவரில் ஓரடிகூடக் கணக்கில் வராது. துளைச் சுவர் முறையும் அதே எல்லையைத்தான் கேட்கும், அதுவும் போயிற்று. மூன்றாவது முறையில் கதவின் உயரம் 6 அடி 8 அங்குலம் என்று எடுத்தால் ஒல்லித்தனம் எல்லைக்குள் வருகிறது, 2 அடியும் இருக்கிறது. ஆனால் கதவுக்குக் கீழே பலகை ஏது? மேலே உள்ள 16 அங்குலப் பட்டை மட்டும் எல்லா விசையையும் கடத்த வேண்டும். அடிக்கு 1,200 பவுண்டு. இரண்டு அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்தாலும் 640-தான் தாங்கும். எட்டடிதான் வேண்டும் என்றால் மரத்தை மறந்துவிட்டு, அஸ்திவாரத்தைத் தோண்டி இரும்புச் சட்டம் நிறுத்த வேண்டும்.

“அது எவ்ளோ ஆகும் அண்ணா?”

“கதவு விலைய மறந்துரு” என்றேன்.

ஆறடியாகக் குறைத்துப் பார்த்தோம். இரு பக்கமும் 3 அடி. உயரம் அகலத்தைப் போல 2.67 மடங்கு, எல்லைக்குள். துளைச் சுவர் முறையில் எண் 0.57-க்கு விழுகிறது, அடிக்கு 700 பவுண்டு, முடியாது. துண்டுச் சுவர் முறையில் 2,400-ஐ 6-ஆல் வகுத்தால் அடிக்கு 400. 3 அங்குல ஆணிக்கு 490. ஒல்லியான சுவர் என்பதற்காக எட்டு சதவீதம் போலக் குறைத்தால் ஏறக்குறைய 449. போதும். ஒவ்வொரு ஓரத்திலும் 3,200 பவுண்டு எழும்பும், நான்கு ஹோல்ட்-டவுன். சுவர் எவ்வளவு ஆடும் என்ற கணக்கைத் தனியாகப் போட்டு, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக, எட்டடிக்கும் ஆறடிக்கும் இடையில் இருப்பது இரண்டடிக் கண்ணாடி மட்டுமில்லை, ஒரு முழு இரும்புச் சட்டம்.

இதில் ஒரு எச்சரிக்கை. என் 2,400 பவுண்டு புரிவதற்காக வைத்துக்கொண்ட எண். உங்கள் சுவருக்கு வரும் விசை கூரை எடை, மண், ஊர், மாடி எண்ணிக்கை எல்லாவற்றையும் பொறுத்தது. அங்கே உரிமம் பெற்ற பொறியாளர் போட்ட கணக்கும் நகராட்சியின் அனுமதியும் இல்லாமல் ரம்பத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் மரவீடு வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் இரண்டு காரியம் செய்துவைத்தால் நல்லது. வீட்டின் வரைபடக் கட்டில் ஷியர் வால் அட்டவணை என்று ஒரு தாள் இருக்கும். எந்தச் சுவரில் என்ன பலகை, எத்தனை அங்குலத்துக்கு ஆணி, எங்கே ஹோல்ட்-டவுன் என்று அதில் எழுதியிருக்கும். அதன் நகலைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது, ஜிப்சம் பலகை போட்டு மூடுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். மூடியபிறகு ஆணி எங்கே இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது.